துரை வராத கவ்வாத்து

ரோட்டின் இரண்டாவது முடக்கைத் தாண்டிய பிறகுதான் கவ்வாத்துக் கத்தி இன்னும் என் கையிலேயே இருப்பதைக் கண்டேன். கங்காணி வீட்டு வாசலில் கிடந்த என் பையைத் தோளில் போட்டது ஞாபகம் இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டில் இறங்கியதும் ஞாபகம் இருந்தது. கத்தி மட்டும் எப்படியோ கூடவே வந்துவிட்டது.

மேலே மலையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"தொரை! எங்கிட்டுப் பயணம்? ஜீப்பு வரலீங்களா?"

"தொரைக்குக் கொழும்புல மீட்டிங்காம்டி!" என்றாள் இன்னொருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது.

வேறு நாளாக இருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்லாததால் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. கங்காணியின் மருமகள் கூடையோடு ரோட்டோரம் இறங்கி வந்தாள். அவர்கள் வீட்டு வாசலில்தான் ஒரு வருடத்துக்கு மேலாக நான் படுத்து எழும்பியது.

"என்னண்ணே, நெசமாவே போறீங்களா?"

"ஆமா."

"கத்தியோடயா? டவுனுக்கு முந்தி செக் பாயிண்ட்ல ஒங்களத் தூக்கி உள்ள வச்சிருவானுக."

அது சரிதான். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் தமிழன் ஒருவன் வெறுங்கையோடு நடந்தாலே நிறுத்திக் கேட்பார்கள். கத்தியை அவளிடம் நீட்டினேன்.

"மாமாகிட்டக் குடுத்துரு."

"என்னான்னு சொல்றது?"

"கூர் பாத்துத்தான் வச்சிருக்கேன்னு சொல்லு."

அவள் முந்தானையில் சுற்றி வாங்கிக்கொண்டாள். நான் நடந்தேன். நமுனுகுல மலைப் பக்கம் மழை கட்டியிருந்தது. பஸ் வரும் என்று நிற்க மனம் வரவில்லை. நின்றால் திரும்பிவிடுவேனோ என்ற பயமெல்லாம் இல்லை. நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதுவரைக்கும் நான் ஓரிடத்தில் தங்கியவன் அல்ல. ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டேன். பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் கோவா மூட்டை தூக்கினேன். அங்கே முதலாளி காலையில் ஒன்று சொல்வார், லொறி வந்ததும் வேறொன்று சொல்வார். அடுக்கியதை இறக்கி மறுபடி அடுக்குவோம். கொஞ்ச நாளில் எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் சொன்னதும் பாதி வேலைதான் செய்வோம், மீதியை அவர் மாற்றிச் சொல்லும்வரை விட்டுவைப்போம். பிறகு மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போனேன். அங்கே முதலாளியை நாங்கள் கண்ணால் கண்டதே இல்லை. எதைக் கேட்டாலும் "மேல சொல்லியிருக்காங்க" என்பார்கள். மேலே என்றால் யார் என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள். வெயிலும் அங்கேயிருந்துதான் வந்தது. எந்த இடத்திலும் நான் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியதில்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது கால் வேறு பக்கம் பார்த்து நிற்கும். போய்விடுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கால் எனக்குத் தொல்லையாகிவிட்டது. மனைவி பசறைப் பக்கம் தாய்வீட்டில் பிள்ளையோடு இருந்தாள். ஒரே காம்பராவில் அவளுடைய தாய் தகப்பன், அண்ணன், அண்ணன் பெண்சாதி, அவர்களின் பிள்ளைகள் எல்லோரும். அடுப்புக்குப் பக்கத்தில் துணியைத் தொங்கவிட்டு அந்த மறைவில் படுப்பாள். ஒருமுறை போனபோது என்னைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"எனக்கு நகை வேணாம், துணிமணி வேணாம். உள்ளுக்குத் தாழ்ப்பாள் போடுற மாதிரி ஒரு கதவக் காட்டுங்க. அன்னைக்கே வந்துர்றேன்."

தோட்டத்தில் ஒரு கதவு கிடைப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. தோட்டத்து ஆட்களின் பதிவான செக்ரோலில் பேர் பதிய வேண்டும். பேர் பதிந்தவனுக்குத்தான் லயத்தில், அந்த வரிசை வீட்டில், ஒரு காம்பரா. நான் கைக்காசு ஆள். வேலை செய்த நாளுக்குக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவன். அதற்கு மேல் தோட்டத்துக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.

பதுளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக்கு ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். அப்போது தோட்டத்தை நடத்திய பெரிய துரை கத்துகிற மனிதர். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அட்டைகூட மண்ணுக்குள் போய்விடும் என்பார்கள். மாடு, எருமை எல்லாம் அவர் வாயில் சாதாரணம். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, செடியின் வாதை, கிளையை, வழக்கத்தைவிடத் தாழ்த்தி வெட்டச் சொன்னார். கங்காணி முகம் சுருங்கியது. ஆனாலும் வெட்டினோம். மத்தியானம் அவரே வந்து ஒரு வரிசையை முழுக்க நடந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடுத்த நாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"நேத்து நான் சொன்னது பிழை. பழைய மாதிரியே வெட்டுங்க. என்னடா பல்லக் காட்டுற? போ மலைக்கு!"

அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. எதிர்த்துப் பேசினான் என்று ஒருவனை, மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற நேரத்துக்குள், மழை ஒழுகும் கடைசி லயத்துக்குக் குடும்பத்தோடு மாற்றினார். அதைக் கடைசிவரைக்கும் திருப்பவில்லை. அந்த மனிதன் அவர் போகும் வழியில் காறித் துப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். ஆனால் அவனும் வேலைக்குப் போனான். காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனால் அன்றைக்கு என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது. அதை யார் சொன்னது என்றும் தெரிந்தது. திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது.

அவர் என்னையும் ஒருநாள் கூப்பிட்டார். "கத்தி நல்லாப் புடிக்கிற. அடுத்த கவ்வாத்தும் முடியட்டும். ஒன் பேரப் பதியிறேன்." அவ்வளவுதான் சொன்னார். அந்த வாரமே மனைவிக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த கவ்வாத்து தொடங்குவதற்கு முன்னால் கம்பெனி அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டது.

புதிதாக வந்தவர் இளைஞர், கொழும்பில் படித்தவர். தமிழ் படித்துக்கொண்டு வந்திருந்தார். எங்களை "அண்ணே" என்றார், பெண்களை "அக்கா" என்றார். முதல் நாள் பெரட்டுக்களத்துக்குப் போனால், பள்ளிக்கூடத்துக் கதிரைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தது.

"இருங்க அண்ணே, இருங்க. நாம பேசித்தான் எல்லாம் செய்யணும்."

யாரும் உட்காரவில்லை. துரைக்கு முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத ஆட்கள். கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தொழிற்சங்கத்துத் தலைவர் மட்டும், பதவி இருக்கிறதே என்று, ஒரு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அவரும் துரை எழும்பியதும் எழும்பிவிட்டார்.

அந்தத் துரையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்காவது சுகமில்லை என்றால் பதுளை ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தார். பேர்களை ஞாபகம் வைத்திருந்தார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி இருக்காரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கவ்வாத்து எந்த மலையில் தொடங்கலாம் என்றும் எங்களிடமே கேட்டார். பழைய துரை அப்படிக் கேட்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றிருப்போம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் விடாமல் கேட்டதால் கங்காணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கீழ் மலையில் தொடங்கினால் நல்லது, மேல் மலையில் காற்று இன்னும் அடங்கவில்லை, இப்போது வெட்டினால் வாது காய்ந்துபோகும் என்றார். "ரொம்ப நல்லது அண்ணே. அப்படியே செய்வோம்" என்றார் துரை. அன்று எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனோம். கங்காணி கள்ளுத் தவறணைப் பக்கம் போய் வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "தொரை என்னையக் கேட்டாருல்ல!"

அடுத்த வாரம் பெரட்டில் கணக்கப்பிள்ளை, மேல் மலைக்குப் போங்கள் என்றார்.

"கீழ் மலைன்னுதானே பேச்சு?" என்றார் கங்காணி.

"ஆபீஸ்ல மாத்திட்டாங்க."

"தொரை சொன்னாரா?"

"ஆபீஸ்லன்னு சொல்றேன்ல."

துரை அன்று பெரட்டுக்கு வரவில்லை. கொழும்பிலிருந்து சொல்லியிருப்பார்கள், அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது. அதை அவரே வந்து எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். கங்காணி அதற்குப் பிறகு கதிரைக் கூட்டங்களில் வாய் திறக்கவே இல்லை.

என் பேர் விஷயமாக நான் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொல்வார்.

"உம்மட விசயத்த துரையிட்டச் சொன்னனான். பாப்பம் எண்டவர்."

"எப்பங்க பாப்பாரு?"

"அதையும் பாப்பம்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வேறென்ன செய்வது. மனைவியிடமிருந்து ஆள் வரும்போதெல்லாம் நானும் அதையேதான் சொல்லி அனுப்பினேன். பார்க்கலாம் என்கிறார். ஒருமுறை அவள் திருப்பிச் சொல்லி அனுப்பியது: "இல்லன்னா இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. நான் அடுப்படியிலயே கெடந்துட்டுப் போறேன்."

மேல் மலையில் கவ்வாத்து தொடங்கும் நாள் வந்தது. ஒவ்வொரு மலையிலும் சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. பச்சை ஒன்றும் மிஞ்சாது. மலை முழுக்க வெறும் குச்சியாக நிற்கும். பிறகு மாதக்கணக்கில் அந்த மலை ஒன்றும் தராது. துளிர்த்தால் துளிர்த்தது, பட்டுப்போனால் பட்டதுதான். அதனால் தொடங்குமுன் மலையோரம் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு, எல்லோருடைய கத்தியையும் அதன் முன்னால் பரப்பி, தேங்காய் உடைத்து, சேவல் அறுத்துக் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள். பூசை முடிந்ததும் கங்காணி ஒரு கத்தியை எடுத்துத் துரையின் கையில் கொடுப்பார். துரை முதல் செடியில் முதல் வாதை வெட்டுவார். அதற்குப் பிறகுதான் எங்கள் கத்தி செடியில் படும். பழைய துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, வாதைக் கோணலாக வெட்டி, நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டு எங்களைத் திட்டிவிட்டுப் போவார். அதற்கும் சேர்த்துத்தான் காத்திருப்போம்.

அன்று பூசை முடிந்தது. துரை வரவில்லை. சூரியன் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஜீப் வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார். ஒரு முழுக் குலை வாழைப்பழம், பை நிறையத் தேங்காய், ஊதுபத்தி, கற்பூரம் எல்லாம் இறக்கினார்.

"தொரை குடுத்து விட்டாரு. இது ஒங்க சாமி காரியமாம், அவரு குறுக்க வரக் கூடாதாம். நீங்களே சந்தோசமா செய்யச் சொன்னாரு."

அந்த மனிதர் மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார். எங்களுடைய நம்பிக்கையில் தான் தலையிடக் கூடாது என்று எங்கேயோ படித்திருப்பார். டிரைவர் போன பிறகு கங்காணி வாழைக்குலையைச் சுற்றி வந்தார்.

"பழமாடா மரத்த வெட்டும்? மலைய மொட்டையடிக்கச் சொன்னது அவரு. நாளைக்கித் துளுக்கலன்னா, மொத வெட்டு வெட்டினது யாருன்னுதான் கேப்பாங்க. யாரு வெட்டுறீங்க? வாங்க, வாங்க."

யாரும் போகவில்லை. தலைவர் தனக்கு முதுகு வலி என்றார். ஒருவன் பழத்தைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினான். கத்திகள் மஞ்சளும் சந்தனமுமாகக் கல்லுக்கு முன்னால் அப்படியே கிடந்தன. மத்தியானம் ஆகிவிட்டது. எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது. கூடவே ஒரு கணக்கும் மனதில் ஓடியது: கவ்வாத்து தொடங்கவில்லை என்றால் முடிவதெப்படி, முடியவில்லை என்றால் என் பேரைப் பதிவதெப்படி. எழும்பிப் போய் என் கத்தியை எடுத்து முதல் செடியை வெட்டினேன்.

வெட்டிய வாது கீழே விழுந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், தொரை வந்துட்டாருடா! எல்லாரும் எந்திரிங்க!"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கங்காணிகூடச் சிரித்தார். அன்றிலிருந்து லயத்தில் குழந்தைகள்வரை எனக்குத் துரை என்றுதான் பேர். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "தொரைக்கு வழி விடுங்கடி" என்பார்கள். தோட்டத்துச் செக்ரோலில் பேர் இல்லாத ஒரே துரை நான்தான்.

விஷயம் கேள்விப்பட்டுப் புதிய துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதைத்தான் அண்ணே நான் எதிர்பார்த்தேன். நீங்களே முன்னுக்கு வரணும்." முகம் அப்படி மலர்ந்திருந்தது. என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு மேல் மலையில் நடந்ததை வேலைநிறுத்தம் என்று சொல்ல முடியாது. எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் வெட்டினார்கள். ஆனால் வெட்டு பிளந்திருந்தது. கூர் போன கத்தியைத் தீட்டாமலே வெட்டினார்கள். முன்பெல்லாம் ஒரு கோணல் வெட்டைக் கண்டால் தன் மகனையே உதைக்கப் போகும் கங்காணி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி குடித்தார். "எவன் மலையோ" என்றார் ஒருநாள். அந்த ஆள் பிறந்ததும் அந்த மலையில், அவருடைய தகப்பனைப் புதைத்ததும் அந்த மலைக்குக் கீழே. காற்றும் அவர் சொன்ன மாதிரியே அடித்தது.

துரைக்குப் புரியவில்லை. மறுபடி கதிரைகளைப் போட்டார். அதுதான் நான் நடந்து வெளியேறிய நாள். மத்தியானத்தோடு வேலை முடிந்து கத்தியும் கையுமாகக் கவ்வாத்து ஆட்கள் நின்றோம்.

"என்ன குறை அண்ணே? மனசு விட்டுச் சொல்லுங்க. நான் ஏசவே மாட்டேன்."

ஏச மாட்டார் என்பதுதான் பிரச்சினை என்று யார் சொல்வது. துரை என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க அண்ணே."

"தொரை அன்னைக்கு வரல. மலைய மாத்தினதும் தொரை வாயால வரல. அதாங்க."

"உங்க சாமி விஷயத்துல நான் தலையிடக் கூடாதுன்னுதானே..." என்று தொடங்கி நிறுத்தினார். அவர் மனம் நொந்தது தெரிந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பேசத் தொடங்கிவிட்டேன்.

"என் பேர் விஷயமும் அப்படியே இருக்குங்க. காலியா ஒரு காம்பரா இருக்கு. உண்டா இல்லையான்னு தொரை ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"இதை நான் தனியா முடிவெடுக்கிறது நியாயமில்லை. இது உங்க லயம். நீங்களே சொல்லுங்க. இந்த அண்ணனுக்குக் காம்பரா குடுக்கலாமா?"

நான் திரும்பி அவர்களைப் பார்த்தேன். கங்காணி வீட்டில் கல்யாணமான மகன் ஒருவன், அதே காம்பராவில். தலைவருக்கு இரண்டு மகன்மார். அந்தக் காலிக் காம்பராவைப் பார்க்காமல் அவர்களில் ஒருவரும் காலையில் வேலைக்குப் போவதில்லை. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட ஆட்கள். இவனுக்குக் குடுங்க என்று அவர்கள் சொன்னால் வீட்டில் மருமகள் முகத்தில் முழிக்க முடியாது. குடுக்காதீங்க என்று சொன்னால் என் முகத்தில் முழிக்க முடியாது. தலையைக் குனிந்துகொண்டார்கள். கங்காணி கத்தியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவசரமில்லை" என்றார் துரை, அன்பாக. "அடுத்த கூட்டத்துல பேசலாம். பார்க்கலாம்."

நான் நடக்கத் தொடங்கினேன். அவர் ஏதோ கூப்பிட்டார். "அண்ணே" என்றது மட்டும் கேட்டது.

செக் பாயிண்டில் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. பதுளைக்கு வந்து சேரும்போது கட்டியிருந்த சாரம் முழங்கால்வரை சேறு. ஸ்டேஷனில் ஒரு வாங்குப் பலகையில் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. பசறைக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்பதைத்தான் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில் பார்க்கலாம் என்றே வந்து முடிந்தது. பதில் இல்லாமல் அந்த அடுப்படித் துணிக்கு முன்னால் போய் நிற்க முடியாது.

விடிந்ததும் பஜாருக்குப் போனேன். ஒரு மொத்தக் கடை வாசலில் லொறி நின்றது. தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் முதலாளி, சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேல ஏதும் இருக்குங்களா?"

என்னை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார். "மூட்ட தூக்கேலுமா?"

"தூக்குவேங்க. அடுக்குவேன். கவ்வாத்தும் வெட்டுவேன்."

"இங்க வெட்ட மரமில்ல. எங்க இருந்த?"

தோட்டத்தின் பேரைச் சொன்னேன். ஏன் விட்டாய் என்று அவர் கேட்கவில்லை.

"தங்க எடம் ஏதும் கெடைக்குங்களா? பொஞ்சாதி, புள்ள இருக்கு" என்றேன்.

"இல்ல."

அவர் லொறியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு திரும்பினார்.

"ரூம் இல்ல. இந்த வருஷமும் இல்ல, வாற வருஷமும் இல்ல. நான் தர ஏலா, பொறகு வந்து கேக்கவும் வாணாம். வெள்ளிக்கிழம கடை பூட்டுவேன், அப்ப போய் டவுனுக்குள்ள தேடிக்கோ. வேல ஈக்கி. நிக்கிறியா, போறியா?"

ஒரு வருடமாக இந்த ஒரு சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பசறைக்குச் சொல்லி அனுப்ப இப்போது என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. நல்ல வார்த்தை இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வேறு பக்கம் கதவு தேடலாம்.

"நிக்கிறேங்க" என்றேன்.

"அப்ப கிழங்கு மூட்டையள உள்ளுக்கு வெய். செவரோட ஒட்டி வெக்காத, ஈரம். பிடி, பிடி, லொறிக்காரன் கத்துறான்."

முதல் மூட்டையின் ஒரு முனையை அவரே பிடித்தார். அது நனைந்து கனத்திருந்தது. நான் பையைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தேன்.